ஜான் ஆஸ்ட்ரம் பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

யேல் பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்தில் பணியாற்றிய தொல்லுயிரியலாளர் ஜான் ஆஸ்ட்ரம் (1928–2005) பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: டைனோசர் என்றாலே மந்தமான பெரிய பல்லி என்றிருந்த எண்ணத்தை அவர் ஒரே விலங்கை வைத்து மாற்றினாராமே, எப்படி?

அந்த விலங்கு டைனோனைக்கஸ். 1964 ஆகஸ்டில் மொன்டானா மாநிலத்தில், பிரிட்ஜர் ஊருக்கு அருகே, கிளவர்லி பாறை அடுக்கில் கிடைத்தது. பெயர் சூட்டியது 1969-இல்.

காலின் இரண்டாம் விரலில் அரிவாள் போன்ற பெரிய நகம். அந்த விரலின் மூட்டு, நகத்தைத் தரையில் படாமல் தூக்கி வைக்க இடம் கொடுக்கிறது. நடக்கும்போது எடை மூன்றாம், நான்காம் விரல்களில்தான். நகத்தைப் பயன்படுத்த ஒரு காலைத் தூக்கினால் உடம்பு நிலைகுலையாமல் இருக்க வேண்டும். அதற்கான விடை வாலில் இருந்தது: வால் முள்ளெலும்புகளிலிருந்து மெல்லிய எலும்புக் கம்பிகள் நீண்டு, அடுத்தடுத்த பல முள்ளெலும்புகளைத் தாண்டி ஓடி, வாலை விறைப்பாக்கின. பெயரின் பிற்பாதியான ‘ஆன்டிரோபஸ்’ இந்த எதிர்ச்சமன் வேலையைத்தான் குறிக்கிறது. நகம், வால், பற்றிப் பிடிக்கும் கை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மந்தமான பிராணிக்கு இடமே இல்லை. ஒரு எலும்பை மட்டும் காட்டியிருந்தால் யாரும் மசிந்திருக்க மாட்டார்கள்; ஒன்றையொன்று தாங்கி நின்றதுதான் வாதத்தின் பலம்.

கேள்வி: பறவைக்கும் டைனோசருக்கும் உறவு என்று உயிரியலாளர் ஹக்ஸ்லி 1860-களிலேயே சொல்லிவிட்டாரே. ஆஸ்ட்ரம் புதிதாக என்ன செய்தார்?

இடையில், பறவைகளின் தோற்றம் பற்றி எழுதிய ஹைல்மான் வந்ததை மறக்கக்கூடாது. 1926-இல் ஆங்கிலத்தில் வெளியான அவருடைய நூல், தெரோபாட்களுக்கும் (டைனோனைக்கஸ் போல இரண்டு காலில் நடந்த, பெரும்பாலும் ஊனுண்ணும் டைனோசர்கள்) பறவைகளுக்கும் உள்ள ஒற்றுமைகளை ஒத்துக்கொண்டே, தெரோபாட்களுக்குக் காறை எலும்பு இல்லை, பரிணாமத்தில் இழந்த உறுப்பு திரும்பாது, ஆகவே அவை மூதாதையாக முடியாது என்று தள்ளியது. இந்தத் தடை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நின்றது. ஆனால் 1924-இல் விவரிக்கப்பட்ட ஓவிராப்டர் என்ற தெரோபாடிலேயே அந்த எலும்பு இருந்தது, வேறு எலும்பென்று தவறாக அடையாளமிடப்பட்டு!

ஆஸ்ட்ரம் 1973-இல் சுருக்கமாகவும் 1976-இல் விரிவாகவும், இறகு கொண்ட பழம்பறவையான ஆர்க்கியோப்டெரிக்ஸின் தோள், கை, இடுப்பு, கால் எலும்புகளைத் தெரோபாட்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். மிக முக்கியமானது மணிக்கட்டின் அரைநிலா வடிவ எலும்பு. கை பக்கவாட்டில் மடங்க அது வழிசெய்கிறது. பறவை சிறகை மடக்குவதும் அதே அசைவால்தான். டைனோனைக்கஸில் அந்த எலும்பு எது என்று 1969-இல் அவர் இட்ட அடையாளம் பின்னாளில் திருத்தப்பட்டது. வடிவமும் வேலையும் பற்றிய வாதம் அப்படியே நின்றது.

கேள்வி: ஹார்லெம் அருங்காட்சியகக் கதை உண்மையா?

உண்மை. பறக்கும் ஊர்வனவற்றைப் பார்வையிட நெதர்லாந்தின் ஹார்லெம் நகரிலுள்ள டெய்லர்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனார். 1857-இல் டெரோடாக்டைல் என்ற பறக்கும் ஊர்வனவாக விவரிக்கப்பட்ட ஒரு பலகைக்கல்லில் மங்கலான இறகுத் தடங்களைக் கண்டு, அது ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்று 1970-இல் வெளியிட்டார். 2017-இல் அதே மாதிரியைத் தனிப் பேரினமாகப் பிரித்து ‘ஆஸ்ட்ரோமியா’ என்று பெயரிட்டார்கள்.

கேள்வி: அவர் தவறிய இடங்கள்?

டைனோனைக்கஸ் பற்றிய 1969 நூலில் இடுப்பின் பியூபிஸ் என்று படம் போட்டுக் காட்டியது உண்மையில் தோளின் காரகாய்டு எலும்பு. 1974-இல் ‘திருத்தம்’ என்று தலைப்பிலேயே போட்டு அவரே சரிசெய்தார். இது அவருடைய மதிப்பைக் கூட்டிய கட்டுரை என்றே சொல்வேன். பூச்சிகளை வாரிப் பிடிக்கும் வலையாகச் சிறகு தோன்றியிருக்கலாம் என்ற கருதுகோள் நிலைக்கவில்லை. தாவரம் உண்ணும் டைனோசரான டெனான்டோசாரஸின் எலும்புகளோடு டைனோனைக்கஸ் பற்கள் கிடந்ததால் கூட்டமாக வேட்டையாடின என்றார். ஓரிடத்தில் தின்ற தடயம் மட்டும் கூட்டு வேட்டைக்குச் சான்றாகாது என்று 2007-இல் மறுப்பு வந்தது. நகம் கிழிப்பதற்கு அல்ல, இரையை அழுத்திப் பிடிப்பதற்கே என்ற கருத்தும் இன்று வலுவாக உள்ளது.

கேள்வி: டைனோசர்கள் வெப்ப இரத்தப் பிராணிகள் என்று சொன்னவர் அவரா, பேக்கரா?

1969-இல் சிகாகோ மாநாட்டில் கேள்வியை எழுப்பியவர் ஆஸ்ட்ரம். அதைத் தீவிரமாக முன்னெடுத்தவர் அவருடைய மாணவர் ராபர்ட் பேக்கர். பின்னாளில் ஆஸ்ட்ரம் நிதானித்தார்.

கேள்வி: முதுகலை மாணவன் நான். எந்த வரிசையில் படிக்கலாம்? மேற்கோள் எண்ணிக்கையை வைத்துத் தாக்கத்தை அளக்கலாமா?

1969 பிப்ரவரியில் வந்த சிறு பெயரிடல் கட்டுரையில் தொடங்குங்கள். அடுத்து அதே ஆண்டின் முழு எலும்பியல் நூல். படங்களைப் பார்த்துக்கொண்டே படியுங்கள். தோள், இடுப்புப் பகுதிக்கு வரும்போது 1974 திருத்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால் தவறான அடையாளம் உங்கள் பண்பு அட்டவணைக்குள் நுழைந்துவிடும். அதன்பின் 1976 ஒப்பீடு. கடைசியாக, தொல்லுயிரியலாளர் கோத்தியே 1986-இல் செய்த கிளைவழிப் பகுப்பாய்வு (பண்புகளை அட்டவணையிட்டு உயிரினங்களின் உறவைக் கணிக்கும் முறை).

எண்ணிக்கை ஏமாற்றும். ஆஸ்ட்ரம் கவனித்த பண்புகள் பகுப்பாய்வு அட்டவணைகளுக்குள் போன பிறகு, பலர் அட்டவணையை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒரு பண்பை எடுத்துக்கொண்டு அது முதலில் எங்கே விவரிக்கப்பட்டது என்று பின்னோக்கித் தேடுங்கள். அரைநிலா எலும்பிலிருந்து தொடங்குவது நல்லது.