வேலூரில் பி.ஏ. பொருளாதாரம்: எந்தப் பாடத்தை எப்போது படிப்பது?

பிளஸ் டூவில் கணக்கு இல்லை, மேலே எம்.ஏ. படிக்க ஆசை, விருப்பப் பாடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

6 செமஸ்டரில் தமிழ், ஆங்கிலம், முக்கியப் பாடங்களைப் பல்கலைக்கழகமே வகுத்துவிடும். உங்கள் கையில் இருப்பது துணைப் பாடமும் விருப்பப் பாடமும்தான். சுலபமாக மார்க் வரும் என்று சீனியர்கள் சொல்வதை நம்பி அவற்றை வீணாக்காதீர்கள். முதல் வருடமே கணிதத்தைத் தொடங்குங்கள். மைக்ரோவில் (நுண்பொருளியலில்) வரும் இறுதிநிலைச் செலவு, அதாவது கூடுதலாக ஒரு பொருளைத் தயாரிக்க ஆகும் செலவு, என்பது மொத்தச் செலவின் வகைக்கெழுதான்; உற்பத்தி அளவு மாறும்போது மொத்தச் செலவு மாறும் வீதம் அது. இந்தக் கணிதம் புரியாவிட்டால் வரைபடங்களை மனப்பாடம் செய்யத்தான் முடியும். அடுத்து புள்ளியியல், அதன் பிறகே புள்ளிவிவரங்களை வைத்துப் பொருளாதாரத் தொடர்புகளை அளக்கும் எகனாமெட்ரிக்ஸ். இந்த வரிசையை மாற்றினால் திண்டாட்டம்தான். ஐ.ஐ.டி.களில் முதுநிலைப் படிப்பில் சேர எழுதும் ஜாம் தேர்வில் 2021 முதல் பொருளாதாரத் தாள் இருக்கிறது. அதிலும் கணிதம், புள்ளியியல் கேள்விகள் உண்டு. கல்லூரியில் இல்லாத பாடத்துக்கு மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயத்தைப் பாருங்கள்.

கடைசி வருடம் சுற்றுச்சூழல் பொருளாதாரம் கிடைத்தால் விடாதீர்கள். மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது நம் பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில்தான். ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று பஸ் செலவிலேயே ப்ராஜெக்ட்டை முடித்துவிடலாம்.