சொப்பிங் பேக் தடை என்கிறார்கள், கல்முனைச் சந்தையில் இன்னும் தருகிறார்களே, ஏன்?

தடை இருக்கிறது, ஆனால் எல்லாப் பைக்கும் இல்லை. இலங்கையில் 2007இல் 20 மைக்ரோனும் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீனைத் தடுத்தார்கள். 2017 செப்டம்பரில் சோறு சுற்றும் லன்ச் சீட், ரெஜிபோம் பெட்டி, சரசரவென்று சத்தம் போடும் பை ஆகியவற்றுக்குத் தடை வந்தது. சத்தம் போடாத மென்மையான மற்றப் பை தப்பிவிட்டது. அதற்கும் 2025 நவம்பர் 1 முதல் கடைக்காரர் காசு வாங்க வேண்டும், விலையைப் பில்லிலும் காட்ட வேண்டும்.

"ஏழைக்குத்தானே செலவு" என்பார்கள். நியாயமான கவலைதான், மறுக்க மாட்டேன். ஆனால் அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டை நினைத்துப் பாருங்கள். எச்சில் சோறும் மரக்கறியும் பையோடு கட்டி எறியப்படுகின்றன. உப்பும் ருசியும் ஒட்டிய பையை யானை அப்படியே விழுங்கிவிடுகிறது. அது செரிக்காமல் குடலை அடைக்கும், பிறகு தீனியும் தண்ணீரும் இறங்காது. எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் அங்கே செத்ததாக 2022இல் செய்தி வந்தது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

மீனுக்கு ஓலை உமல், மரக்கறிக்குப் பன்புல்லில் பின்னிய பை என்று நம் ஊரில் முன்பே இருந்ததுதானே. ஈரமான மீன், இறைச்சிக்கு மட்டும் மூடியுள்ள வாளி கொண்டுபோங்கள், துணிப்பை சரிவராது.