பனிமலைக்கு முதல் பயணம்: ஜாக்கெட்டுக்கு முன் ஷூ

கேள்வி: நான் கோவைக்காரன், வயது 34. ஆறு வருடமாக வெள்ளியங்கிரி ஏறி வருகிறேன். ஜனவரி கடைசியில் நண்பர்களோடு உத்தராகண்டில் கேதார்காந்தா மலைக்குப் போகிறோம். இதுவரை பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. 15,000 ரூபாயில் ஒரு டவுன் ஜாக்கெட் (இறகு அடைத்த குளிர்ச்சட்டை) பார்த்து வைத்திருக்கிறேன். அது இருந்தால் போதுமா? வேறு என்ன தயாரிப்பு வேண்டும்?

பதில்: அந்த ஜாக்கெட்டை வாங்க வேண்டாம். நடை தொடங்கும் சாங்க்ரி கிராமத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். மிச்சமாகும் பணத்தில் பாதியை ஷூவுக்கும் சாக்ஸுக்கும் போடுங்கள். பனியில் நடப்பவரைக் குளிரைவிட அதிகம் படுத்துவது ஈரம்தான். அந்த ஈரத்தில் பெரும்பங்கு வானத்திலிருந்து வருவதில்லை, நம் உடம்பிலிருந்தே வருகிறது.

டவுன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மலை ஏற முடியாது. பனியில் ஏறுவது கடற்கரை மணலில் ஏறுவது மாதிரி. பத்து நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும். உள்ளே இருக்கும் இறகு வியர்வையில் ஊறிக் கட்டி கட்டியாகிவிட்டால் சூட்டைப் பிடித்து வைக்காது. அந்த ஜாக்கெட் நிற்கும்போதும் கூடாரத்தில் உட்காரும்போதும் போடுவதற்கானது. நடக்கும்போது உடம்போடு ஒட்டிய மெல்லிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ் எனும் மெத்தென்ற மேல்சட்டை, காற்றடித்தாலோ பனி கொட்டினாலோ அதற்கும் மேல் தண்ணீர் புகாத ஒரு மேலுறை, இவ்வளவுதான். காலையில் கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாக இருந்தால் ஒரு துணி அதிகம் என்று அர்த்தம், கழற்றிப் பையில் வையுங்கள். நின்ற உடனே, குளிர் ஏறும்வரை காத்திருக்காமல், ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

பருத்தி பனியனும் ஜீன்ஸும் வீட்டிலேயே இருக்கட்டும். நம் வெயிலுக்குப் பருத்தி எதனால் சுகமோ, அதனால்தான் அங்கே ஆபத்து. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக உலரும். உலர உலர உடம்பின் சூட்டையும் கொண்டுபோகும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். 2024 ஜூனில் இதே உத்தராகண்டில், சஹஸ்த்ர தால் பாதையில் கர்நாடகத்திலிருந்து வந்த குழு ஒன்று பனிப்புயலில் சிக்கி, அதில் 9 பேர் இறந்தார்கள். அது ஜூன் மாதம் என்பதைக் கவனியுங்கள். ஈரமும் காற்றும் சேர்ந்துவிட்டால் மாதக் கணக்கெல்லாம் செல்லாது.

இப்போது ஷூ. கணுக்காலை மூடும் உயரம், தண்ணீர் புகாத உள்ளுறை, ஆழமான பற்கள் உள்ள அடிப்பாகம், இந்த மூன்றும் வேண்டும். கடைக்கு மாலையில் போங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். மலையில் போடப் போகும் தடித்த கம்பளி சாக்ஸை அங்கேயே அணிந்து பாருங்கள். விரல்களைத் தாராளமாக அசைக்க இடம் இருக்க வேண்டும். என் முதல் பனி நடையில், குளிருமே என்று இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் திணித்தேன். இரண்டு மணி நேரத்தில் இடது காலின் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப் போயின. இறுக்கத்தில் ரத்தம் ஓடவில்லை, சூட்டைக் கொண்டுவருவதே அந்த ரத்தம்தான். ஒரு சாக்ஸைக் கழற்றிய பிறகுதான் விரலில் உயிர் வந்தது, அதுவும் சுரீரென்ற வலியோடு.

ஷூவின் வாயையும் கெண்டைக்காலையும் மூடும் கெய்ட்டர், வழுக்காமலிருக்க ஷூவின் அடியில் மாட்டும் உலோகப் பற்களான மைக்ரோஸ்பைக் இரண்டையும் சாங்க்ரியில் வாடகைக்கு எடுக்கலாம். ஸ்பைக்கை அங்கேயே இரண்டு முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். கையுறையோடு, இருட்டில், அதைத்தான் செய்யப் போகிறீர்கள்.

இரவில் ஷூவை வெளியே விடாதீர்கள். லேஸை முழுக்கத் தளர்த்தி, வாயை அகலமாக விரித்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கூடாரத்துக்குள் வையுங்கள். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை உருவித் தூக்கப்பைக்குள் (ஸ்லீப்பிங் பேக்) போட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் உச்சிக்குக் கிளம்பும் அதிகாலை 2 மணிக்கு லேஸ் கம்பி போல விறைத்து நிற்கும், ஷூ கட்டையாகிக் கால் நுழையாது. உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி தூங்குவதற்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். எவ்வளவு ஆசை வந்தாலும் அதில் நடக்கக் கூடாது.

அதிகாலையில் ஏன் கிளம்புகிறார்கள் தெரியுமா? சூரிய உதயம் பார்க்க மட்டும் இல்லை. இரவில் இறுகிய பனி காலையில் பாரம் தாங்கும். வெயில் ஏறியதும் இளகி, ஒவ்வோர் அடிக்கும் கால் முழங்கால்வரை புதையும். அரை மணி நேரத்தில் இறங்க வேண்டிய தூரம் இரண்டு மணி நேரம் தின்னும். அதனால் எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்பதை முந்தைய இரவே வழிகாட்டியோடு பேசி முடிவு செய்யுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் யாருக்கும் திரும்ப மனசு வராது.

ஏறும்போது ஷூ நுனியால் பனியை உதைத்துப் படி செய்து ஏறுங்கள், முன்னால் போனவரின் தடத்திலேயே கால் வையுங்கள். இறங்கும்போது குதிகாலை முதலில் ஊன்றுங்கள். பயந்து பின்னால் சாய்ந்தால்தான் வழுக்கும். ஸ்பைக் மாட்டியபடி உட்கார்ந்து சறுக்கவே கூடாது. பல் பனியில் மாட்டினால் கணுக்கால் முறியும். பெரிய ஊசியிலை மரங்களின் அடியில் பனி பொலபொலவென்று குழியாக இருக்கும், ஒதுங்கி நடங்கள். வழியில் உள்ள ஜூடா கா தாலாப் ஏரி உறைந்து கிடக்கும், பலர் அதில் இறங்கிப் படம் எடுப்பார்கள். நீங்கள் கரையிலேயே நில்லுங்கள். பெரிய பனிப்பொழிவு முடிந்த முதல் இரண்டு நாள் செங்குத்தான சரிவுகள் சரியும் அபாயம் அதிகம். வழிகாட்டி ஒரு நாள் காத்திருக்கச் சொன்னால் வாதாட வேண்டாம்.

தண்ணீர் மேலிருந்துதான் உறையும். பாட்டிலைத் தலைகீழாகச் செருகி வைத்தால் மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும். குழாய் வைத்த தண்ணீர்ப் பை வேண்டாம், குழாய் முதலில் அடைத்துக்கொள்ளும். செல்போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். கறுப்புக் கண்ணாடி அலங்காரமில்லை: புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ஒரு நாள் வெறுங்கண்ணோடு நடந்தால், அன்றிரவு கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது போல எரியும். சன்ஸ்கிரீனைத் தாடைக்குக் கீழேயும் தடவுங்கள், வெளிச்சம் கீழிருந்தும் வரும்.

வெள்ளியங்கிரி அனுபவம் உங்கள் கால்களுக்கும் மூச்சுக்கும் நிச்சயம் உதவும். ஆனால் உயரத்துக்கு உதவாது. வெள்ளியங்கிரியின் உச்சி 6,000 அடிக்கும் கீழே, சாங்க்ரி கிராமமே சுமார் 6,400 அடியில் இருக்கிறது. கேதார்காந்தாவின் உச்சி 12,500 அடி. 8,000 அடிக்கு மேல் யாருக்கு வேண்டுமானாலும் தலைவலி, குமட்டல் வரலாம், உடற்பயிற்சி செய்தவர் என்று மலை பார்க்காது. தலைவலியோடு மேலே போகாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, நள்ளிரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். உயரத்தால் வரும் இந்தத் தொல்லைக்கான டயமாக்ஸ் மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நண்பர்கள் ஒருவரையொருவர் கவனியுங்கள். நடுங்குபவர் பேச்சுக் குழறினால், ஜிப்பை இழுக்க விரல் தடுமாறினால், உடம்புச் சூடு இறங்குகிறது. ஈரத்துணியைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, தூக்கப்பைக்குள் படுக்க வைத்து, நினைவு தெளிவாக இருந்தால் சூடாக, இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். நடுக்கம் தானாக நின்று அவர் மந்தமாகிக்கொண்டே போனால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகிறது. மது கூடவே கூடாது, அது ரத்தத்தைத் தோலுக்குக் கொண்டுவந்து இருக்கிற சூட்டையும் வெளியேற்றிவிடும். மரத்த விரலைப் பனியால் தேய்க்காதீர்கள், நெருப்பிலும் காட்டாதீர்கள். உங்கள் அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள்.

இன்னும் ஆறேழு வாரம் இருக்கிறது. தினமும் 5 கிலோமீட்டர் வேக நடை, வாரம் இரண்டு நாள் முதுகில் 8 கிலோ பையோடு மாடிப்படி. ஷூவை இந்த ஞாயிற்றுக்கிழமையே வாங்கி, அந்த நடையெல்லாம் அதிலேயே நடங்கள். கொப்புளம் வருவதானால் கோவையிலேயே வந்து ஆறட்டும்.