ஹெச்.டி.ஆரில் இரவு நகரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மேம்பாலத்தின் மேலிருந்து இரவு நகரத்தை ஹெச்.டி.ஆரில், அதாவது வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்க்கும் முறையில், எடுத்துப் பார்த்தேன். டிரைபாட் வைத்து, கேமராவே வெளிச்ச அளவை மாற்றி மாற்றி எடுக்கும் ஆட்டோ பிராக்கெட்டிங்கில் மைனஸ் 2, பூஜ்யம், பிளஸ் 2 என மூன்று படங்கள். மென்பொருளில் சேர்த்தால் வானம் பழுப்பாகிப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. கட்டடங்களைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். கார் விளக்குக் கோடுகள் துண்டு துண்டாக நிற்கின்றன. அதே இடத்தில் செல்போனில் எடுத்த படமே மேல். இரவுக்கு ஹெச்.டி.ஆர் ஒத்துவராதா? மூன்று படங்களையும் இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

நன்றாகவே ஒத்துவரும். உங்கள் மைனஸ் 2 படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, இடதுபக்கக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பாருங்கள். எழுத்தே இல்லை, ஒரு வெள்ளைப் பட்டைதான் இருக்கிறது. இருப்பதிலேயே இருட்டான படத்தில்கூட அது வெளுத்துப் போயிருந்தால், மென்பொருள் எங்கே போய் எழுத்தைத் தேடும்?

இது வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் செய்த வேலை. சட்டத்தின் பெரும்பகுதி கறுப்பாக இருக்கும்போது கேமராவின் மீட்டர் அந்தக் கறுப்பை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கிறது. அது பூஜ்யம் என்று சொல்லும் இடமே இரவில் அதிக வெளிச்சம். அங்கிருந்து இரண்டு ஸ்டாப் இறங்கினாலும் (ஒரு ஸ்டாப் இறங்கினால் வெளிச்சம் பாதியாகும்) போதவில்லை. ஹெச்.டி.ஆர் என்றால் இருட்டுக்குள் இருப்பதை வெளியே கொண்டுவருவது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பகலில் அது ஓரளவு சரி. இரவில் முதல் வேலை விளக்குகளைக் காப்பாற்றுவது. இருட்டு இருட்டாகவே இருந்தால்தான் அது இரவுப் படம்.

ஆகவே ஆட்டோ பிராக்கெட்டிங்கை விட்டுவிட்டு மேனுவலுக்கு வாருங்கள். ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8, சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைல், ஃபோகஸும் ஒயிட் பேலன்ஸும் மாறாமல் பூட்டப்பட்டிருக்கட்டும். பெயர்ப்பலகையின் எழுத்து அதன் நிறத்தோடு படிக்கக் கிடைக்கும்வரை ஷட்டர் நேரத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். அதுதான் முதல் படம். அரை வினாடியில் அது கிடைத்தால் அடுத்தவை 2, 8, 30 வினாடிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப். தெருவோரச் சுவரில் உருவம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், வானத்துக்காக மேலே போகவேண்டாம். மாற்றுவது ஷட்டரை மட்டும்தான். அப்பர்ச்சரைத் தொட்டால் தெளிவின் ஆழமும் விளக்குகளின் நட்சத்திரக் கதிர்களும் படத்துக்குப் படம் மாறிவிடும், பிறகு அவை ஒன்றோடொன்று ஒட்டாது.

பழுப்பு வானம் மென்பொருளின் கற்பனை அல்ல. நகரத்தின் வெளிச்சம் காற்றிலிருக்கும் தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறுகிறது. நீண்ட எக்ஸ்போஷர் அதைச் சேகரிக்கிறது, சேர்த்த படத்தின் வெளிச்ச வேறுபாட்டைத் திரைக்கு ஏற்ப அடக்கும் டோன் மேப்பிங் அதைத் தூக்கிக் காட்டுகிறது. கூடவே சென்சார் இரைச்சலும், அதாவது நீங்கள் பார்த்த அந்தப் புள்ளிகளும், மேலே வருகிறது. இதற்கு நான் நம்பும் ஒரே மருந்து நேரம். சூரியன் அடிவானத்துக்கு 4 முதல் 6 டிகிரி கீழே இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வானத்தின் நீலமும் ஜன்னல் வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வருகின்றன. அப்போது நல்ல சென்சாரில் ஒரே ரா ஃபைல் போதுமானதாகக்கூட இருக்கலாம். ஆசைப்பட்டு நள்ளிரவில் எடுத்தால், வானத்தைக் கறுப்பாகவே விடும் துணிச்சலும் வேண்டும்.

அப்புறம் அந்த வளையம். உங்கள் மென்பொருள் ஒவ்வொரு இடத்தின் வெளிச்சத்தையும் அக்கம்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. ஒளிரும் கட்டடமும் கறுத்த வானமும் ஒட்டி நிற்கும் விளிம்பில் அந்தக் கணக்கு தடுமாறுகிறது. ஸ்ட்ரெங்த் என்ற ஸ்லைடரைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்தாலே வளையம் பெரும்பாலும் அடங்கும். அதைவிட, எக்ஸ்போஷர் ஃப்யூஷன் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். 2007இல் மெர்ட்டென்ஸ், கௌட்ஸ், வான் ரீத் என்ற ஆய்வாளர்கள் மூவரும் முன்வைத்த முறை அது. ஒவ்வொரு படத்திலும் நன்றாக வந்திருக்கும் பகுதிகளுக்கு அதிக எடை கொடுத்து நேரடியாகக் கலக்கும். இரவுக் காட்சிக்கு இயல்பான நிறம் அதில்தான் வருகிறது என்பது என் அனுபவம். கையாலேயே லேயர் போட்டுச் சேர்த்தாலும் தவறில்லை. 1850களில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லு கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று சேர்த்துத்தான் தன் கடற்காட்சிகள் சிலவற்றை அச்சிட்டார்.

கார் கோடுகள் உடைவது எதிர்பார்க்க வேண்டியதே. பல எக்ஸ்போஷர்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளியளவை மீட்கும் வழியை டெபெவெக், மாலிக் என்ற ஆய்வாளர்கள் 1997இல் எழுதியபோதே, காட்சி அசையாமல் இருக்கிறது என்பதுதான் அடிப்படை. சாலை அசைகிறது. ஆகவே சாலையை மட்டும் 30 வினாடிப் படத்திலிருந்து எடுத்து, மற்ற இடங்களை மறைக்கும் மாஸ்க் போட்டு மேலே வையுங்கள். கோடு அறுபடாமல் வரும். அங்கே விளக்குகள் மிகவும் வெளுத்திருந்தால் 8 வினாடிப் படம்.

செல்போன் வென்றதற்குக் காரணம், அது பொதுவாகக் குறுகிய எக்ஸ்போஷர்கள் பலவற்றை எடுத்து, நேர்படுத்தி, சராசரியாக்குகிறது. விளக்குகள் வெளுப்பதில்லை, இரைச்சலும் குறைகிறது. பெரிய சென்சாரும் டிரைபாடும் வைத்திருக்கும் நீங்கள் அதைத் தாராளமாகத் தாண்டலாம்.

திரும்பவும் அதே மேம்பாலம் என்றால் ஒரு விஷயம். உங்கள் 30 வினாடிப் படம் கனரக வாகனம் போகும்போது எடுத்தால் கட்டாயம் ஆடும். டிரைபாடை இரண்டு தூண்களுக்கு நடுவில் வைக்காமல் ஒரு தூணுக்கு நேர் மேலே வையுங்கள், அங்கே அதிர்வு குறைவு. லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை அணைத்து, ஷட்டரை 2 வினாடி டைமரில் விடுங்கள். புதிய ரா ஃபைல்களை அனுப்பினால், நானும் சேர்த்துப் பார்த்து எழுதுகிறேன்.