வாக்குத்தத்த அட்டையை என்ன செய்வது?

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். கடந்த ஆகஸ்டில் என் கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். வயது 41. புத்தாண்டு ஆராதனையில், அந்த வருஷத்துக்குத் தேவன் தரும் வாக்கு என்று அவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் 'நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி' என்ற வசனம் வந்தது. அட்டை அவருடைய பைபிளுக்குள் இன்னும் இருக்கிறது. அடக்க ஆராதனையில் 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்று வாசித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் "ஏன் எடுத்தார்?" என்று வாய்விட்டுக் கேட்டேன். "தேவனை எதிர்த்துப் பேசாதே, பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று அத்தை அடக்கினார். அறிக்கையிடாத பாவம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று ஜெபக்குழுவில் ஒருவர் விசாரித்தார். பெரியவனுக்குப் பதினோரு வயது. "ஐசியு வாசல்ல எவ்வளவு ஜெபிச்சோம், இயேசப்பாவுக்குக் கேக்கலையாம்மா?" என்கிறான். பாடகர் குழுவில் நின்றால் பாட்டு வரவில்லை. நான் விசுவாசத்தை விட்டு விலகிக்கொண்டிருக்கிறேனா?

ஒரு சகோதரி

அன்புத் தங்கைக்கு,

இல்லை, விலகவில்லை. விலக நினைக்கிறவர் அந்த அட்டையை இன்னும் பைபிளுக்குள் வைத்திருக்கமாட்டார்.

அடக்க ஆராதனையில் வாசித்தது பைபிளில் யோபு புத்தகத்தின் முதல் அதிகாரம். பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்த அன்றைக்கே யோபு அதைச் சொன்னது உண்மைதான். ஆனால் நாம் அதோடு புத்தகத்தை மூடிவிட்டு, கடைசி அதிகாரத்தில் ஆடுமாடு இரட்டிப்பாகும்போதுதான் மறுபடி திறக்கிறோம். மூன்றாம் அதிகாரத்தை எந்தத் துக்க வீட்டிலாவது வாசித்துக் கேட்டிருக்கிறீர்களா? அதே யோபு, தான் பிறந்த நாளே அழிந்துபோகட்டும் என்று அங்கே சபிக்கிறார். அப்புறம் அதிகாரம் அதிகாரமாக, என்மேல் என்ன குற்றம், எனக்குத் தெரியப்படுத்தும் என்று தேவனிடமே வழக்காடுகிறார்.

அவருடைய சிநேகிதர்கள் முதல் ஏழு நாளும் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. பேச ஆரம்பித்ததும் எலிப்பாஸ், 'குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ?' என்றான். உங்கள் ஜெபக்குழுவில் வந்ததும் இதே கேள்விதான். முடிவில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது யார்மேல்? தேவனுக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூன்று பேர்மேல். யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று 42ஆம் அதிகாரத்தில் அவரே சொல்கிறார். அவர்களுக்காக யோபு ஜெபிக்க வேண்டியிருந்தது. அப்படி விசாரித்தவருக்கு நீங்கள் எந்தப் பதிலும் கடன்படவில்லை. அத்தையை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் பயந்துபோயிருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, அந்த அட்டை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது அதுதான். அது உங்கள் கணவரின் ஆயுசுக்குத் தேவன் தனியாகக் கொடுத்த உத்தரவாதம் என்று நான் நம்பவில்லை. இதைச் சொல்ல மனது கஷ்டப்படுகிறது. வருஷப் பிறப்பு இரவில் அட்டை எடுக்கும்போது கை நடுங்கும் நம்பிக்கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அந்த வசனம், பைபிளின் சங்கீதப் பாடல்களில் 91ஆம் சங்கீதத்தின் கடைசி வரி. அதே சங்கீதத்தைக் காட்டித்தான், ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று பிசாசு இயேசுவிடம் சொன்னான். இயேசு குதிக்கவில்லை. பிதாவை முழுக்க நம்பிய அவருக்கே நீடித்த நாட்கள் கிடைக்கவில்லை. சிலுவையில் அவர் வாயில் வந்தது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி: 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?' நீங்கள் கேட்டதும் 'ஏன்' என்றுதான். அதை எதிர்த்துப் பேசுவது என்று எந்த வாயால் சொல்வது?

அதற்காக அட்டையைக் கிழித்துப் போடச் சொல்லமாட்டேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு 89ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். முதல் 37 வசனங்களில் கர்த்தருடைய கிருபையும் அவர் தாவீதுக்குக் கொடுத்த வாக்கும் வரிவரியாக வருகின்றன: அவன் சந்ததி என்றைக்கும் இருக்கும், நான் பொய் சொல்லேன் என்று. 38ஆம் வசனத்தில் பாட்டு அப்படியே திரும்புகிறது. ஆனாலும் நீர் தள்ளிவிட்டீர், கிரீடத்தைத் தரையில் தள்ளினீர், நீர் சத்தியம்பண்ணின அந்தக் கிருபைகள் எங்கே என்று கேட்கிறது. வாக்குத்தத்தத்தை முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்பது இது. இதற்கு முந்தின 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிந்துவிடுகிறது, கடைசி வரியில்கூட ஆறுதல் இல்லை. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட புலம்பல்கள். இவற்றை ஆராதனையில் பாடவே எழுதிவைத்தார்கள். நாம்தான் ஸ்தோத்திரப் பாட்டுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டோம். பிள்ளைகள் தூங்கினபின் 88, 89 இரண்டையும் சத்தமாக வாசியுங்கள்.

காரணம் கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். யோபுக்கே கிடைக்கவில்லை. நான்கு அதிகாரம் பேசிய கர்த்தர் கடலையும் பனியையும் காட்டுக்கழுதையையும் தீக்குருவியையும் பற்றிப் பேசினாரே தவிர, பிள்ளைகள் ஏன் செத்தார்கள் என்று சொல்லவில்லை. பிறகு வேறே பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். செத்துப்போன பத்துப் பேர் திரும்பி வரவில்லை. ஆனால் கர்த்தர் வந்து பேசினார். யோபுவுக்கு அது எப்படியோ போதுமானதாக இருந்தது. உங்களுக்கு இன்றைக்கே போதும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மகனிடம் மார்த்தாள், மரியாள் கதையைச் சொல்லுங்கள். லாசரு செத்து நான்கு நாளான பிறகு வந்த இயேசுவிடம், 'நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்' என்று இரண்டு பேருமே ஒரே குறையைச் சொன்னார்கள். அவர் யாரையும் அதட்டவில்லை. மரியாள் அழுததைப் பார்த்து அவரும் அழுதார். "எனக்கும் தெரியலடா, நானும் அவர்கிட்ட அதைத்தான் கேக்கிறேன், நீயும் கேளு" என்று சொல்லுங்கள். குடும்ப ஜெபத்தில் அவன் கோபமாக ஜெபித்தால் நடுவில் திருத்தாதீர்கள்.

பாடகர் குழுவில் கொஞ்ச நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பிள்ளைகளோடு கீழே பெஞ்சில் உட்காருங்கள். பாட்டு வராத ஞாயிற்றுக்கிழமைகளில் சபையார் பாடட்டும். யாராவது காரணம் கேட்டால், என் வீட்டுக்காரர் இறந்துபோனார் என்று சொன்னால் போதும்.

அன்புடன்,
அக்கா