கடை யார் பெயரில் இருக்க வேண்டும்?

கேள்வி: ஹட்டனில் என் கணவர் பலசரக்குக் கடை நடத்துகிறார். சிறுநீரகம் பழுதாகி, டயலிசிஸுக்கு வாரம் மூன்று தடவை கண்டிக்குப் போய்வருகிறோம். கடை, கட்டடம், வங்கிக் கணக்கு எல்லாம் அவர் பெயரில் மட்டுமே. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். “என் பெயருக்கு மாற்றிவிடுங்கள் அண்ணி, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார் கொழுந்தனார். வரிக் கடிதமும் வந்து கிடக்கிறது. என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரி, கொழுந்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் நன்கொடை உறுதி, அதாவது சொத்தை இனாமாகக் கொடுக்கும் பத்திரம், எழுதிக் கொடுத்துவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. கடை ஓடுவதற்கு உரிமை கைமாற வேண்டியதில்லை. கையெழுத்துப் போடும் அதிகாரம் போதும்.

அதற்குத்தான் அற்றோணித் தத்துவம், அதாவது அவர் சார்பில் நீங்கள் செயற்பட அவர் எழுதித் தரும் அதிகாரப் பத்திரம். நொத்தாரிசு (பத்திரங்களை எழுதி உறுதிப்படுத்தும் சட்டத்தரணி) முன்னிலையில் உங்கள் பெயருக்கு எழுதிப் பதிவு செய்யுங்கள். வங்கி, கொள்வனவு, இறைவரித் திணைக்களம் என எதற்கெல்லாம் அதிகாரம் என்பது அதில் தனித்தனியாக இருக்கட்டும். பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: எழுதிக் கொடுத்தவர் இறந்த கணமே அது செல்லாது. நினைவு தவறினாலும் அதை நம்ப முடியாது, மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டிவரும்.

ஆகவே மரணசாசனமும் (உயில்) தேவை. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள். தேசவழமை என்ற வழக்கச் சட்டம் வடமாகாணத் தமிழருக்குரியது; நமக்குப் பொதுச் சட்டம்தான். சாசனம் இல்லாவிட்டால் பாதி உங்களுக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு. கொழுந்தனாருக்குப் பங்கில்லை. அப்படியானால் சாசனம் எதற்கு என்பீர்கள். வயது வராத பிள்ளைகளின் பங்கை விற்க நேர்ந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும்; சாசனத்தில் உங்கள் பெயருக்கே எழுதிவிட்டால் அந்த அலைச்சல் இல்லை, அதற்காகத்தான். டயலிசிஸ் அன்று அவர் களைத்திருப்பார்; மறுநாள் காலையில் பேசுங்கள். கொழுந்தனாரையே ஒரு சாட்சியாகக் கூப்பிட்டால் அவர் மனமும் ஆறும்.

நோய்க்காக வரி நிற்பதில்லை. வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை; வருமான விவரத்திரட்டு அடுத்து வரும் நவம்பர் 30க்குள். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் நிவாரணம் (வரி விதிக்கப்படாத வருமானம்) ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா என்பதால், வரி வராமலும் போகலாம். ஆனால் பதிலே அனுப்பாவிட்டால் திணைக்களம் தானாக ஒரு தொகையை மதிப்பிட்டுவிடும். கல்லாப்பெட்டியில் எடுத்த கண்டி வான் வாடகையையும் மருந்துக் காசையும் கடைச் செலவில் எழுதாதீர்கள். அது வீட்டுச் செலவு, கழிக்க விடமாட்டார்கள். கடையில் வேலையாட்கள் இருந்தால் ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் உங்கள் 12 வீதமும் அவர்களுடைய 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்கள் 3 வீதமும் மாதந்தோறும் போயாக வேண்டும்.

முதலில் அந்தக் கடிதத்தைப் பிரித்துத் திகதியைப் பாருங்கள். நாள் நெருங்கியிருந்தால், மருத்துவச் சான்றிதழை இணைத்து அவகாசம் கேட்டு எழுதுங்கள். நொத்தாரிசை அதற்கடுத்த நாள் பார்க்கலாம்.