நாலே முக்கால் வருடத்தில் ராஜினாமாவா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு லீசிங் கம்பனியில் வேலை செய்கிறேன். வயது 28. சேர்ந்து நாலே முக்கால் வருடம். அடிப்படைச் சம்பளம் 62,000 ரூபாய், ஒரு மாதமும் பிந்தியதில்லை. ஆனால் தவணை கட்டாதவர்களுக்குப் போன் எடுத்து எடுத்தே நாள் போகிறது. ஒரு அம்மா அழுதால் அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. தையல் நன்றாக வரும். சுன்னாகத்தில் ஒரு கடையை இரண்டு வருடத்துக்குப் பேசி முற்பணமும் கொடுத்துவிட்டேன். இரண்டரை வருடத்துக்கு முன் கொழும்பில் பயிற்சி தந்து, மூன்று வருட பொண்டில் கையெழுத்து வாங்கினார்கள். இடையில் விலகினால் இரண்டு இலட்சம் கட்ட வேண்டும், மாமா பிணை நிற்கிறார். அடுத்த மாதம் விலகினால் என்ன கிடைக்கும்? கலியாணம் என்று சொல்லி ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுக்கலாம் என்று கூட வேலை செய்யும் அக்கா சொல்கிறா. அம்மாவோ வேலையை விடவே கூடாது என்று நிற்கிறா.

பதில்: "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்" என்பது எங்கள் ஊர்ப் பழமொழி. கோறணமேந்து என்றால் அரசாங்கம். அம்மாவின் பயமும் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அது ஓய்வூதியம் உள்ள வேலைக்குச் சொன்னது, தங்கச்சி. உங்கள் வேலையில் ஓய்வூதியம் இல்லை. விடுவதா இருப்பதா என்பதை நீங்களும் வீட்டாரும் பேசி முடிவெடுங்கள். எந்தத் திகதியில் விடுவது என்பதில்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

அடுத்த மாதம் வேண்டாம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால்தான் பணிக்கொடை, அதாவது வேலை முடியும்போது கம்பனி தரும் தொகை, கிடைக்கும். மாதச் சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். உங்கள் கணக்கில் 31,000 ஐந்து தடவை, அதாவது 1,55,000 ரூபாய். நாலு வருடம் பத்து மாதத்தில் போனால் ஒரு சதமும் இல்லை. தானாக விலகினால் பணிக்கொடை கிடையாது என்று அலுவலகங்களில் ஒரு கதை உலாவும். அது பிழை. வேலையை யார் முடித்தாலும் அது உங்களுக்குச் சேர வேண்டியதுதான். 30 நாளுக்குள் தர வேண்டும், பிந்தினால் 10 முதல் 30 வீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டும்.

நியமனக் கடிதத்தில் சேர்ந்த திகதியை ஒருமுறை பாருங்கள். முதல் ஆறு மாதம் பயிலுநர், அது சேவை அல்ல என்று பின்னர் வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த மாதங்களுக்கும் ஈ.பி.எஃப். கழித்திருந்தால் அது உங்கள் கையில் நல்ல ஆதாரம். பழைய சம்பளத் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள்.

ஊழியர் சேமலாப நிதிக்கு வருவோம். உங்கள் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் அங்கே கிடக்கிறது. பெண்களுக்கு 50 வயதில் எடுக்கலாம். திருமணத்தைக் காரணமாக வைத்து வேலையை விட்ட பெண்ணும் எடுக்கலாம், அந்த அக்கா சொன்னது அவ்வளவுக்குச் சரி. ஆனால் விவாகப் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். மாப்பிள்ளையே இல்லாமல் சான்றிதழுக்கு எங்கே போவீர்கள்? பொய் சொல்லி விண்ணப்பித்து வழக்கில் மாட்ட வேண்டாம். காசு வட்டியோடு அங்கேயே இருக்கட்டும். கம்பனி 3 வீதம் கட்டிய ஊழியர் நம்பிக்கை நிதியம் வேறு. வேலையை விட்டதும் அதை எடுக்கலாம், தையல் மெஷினுக்கு உதவும்.

பொண்ட் விஷயத்தில் பயம் தேவையில்லை, அலட்சியமும் கூடாது. மீறினால் கம்பனி சிவில் வழக்குப் போட்டுத்தான் காசு கேட்க வேண்டும். பணிக்கொடையைப் பிடித்துவைக்க அதைக் காரணமாகக் காட்ட முடியாது. மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்று செய்த சேதம் போன்றவற்றுக்காக வேலையை விட்டு நீக்கினால்தான் பணிக்கொடை பறிபோகும், அதுவும் நட்டத்தின் அளவுக்கு மட்டும். ஆனால் கோரிக்கைக் கடிதம் மாமாவின் வீட்டுக்கும் போகும். விறாந்தையில் இருந்து அதை அவர் வாசிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள், ஆகவே இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் பொறுத்தால் பொண்டில் மிச்சம் மூன்று மாதம். 36 மாதத்துக்கு இரண்டு இலட்சம் என்றால் அந்த மூன்று மாதத்தின் பங்கு 16,667 ரூபாய். அதைக் கட்டி முடிக்கிறேன் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னும் மூன்று மாதம் இருப்பதா என்று அப்போது யோசிக்கலாம். ஊழியர் கடன் ஏதும் எடுத்திருந்தால் அதன் நிபந்தனைகளையும் வாசியுங்கள், விலகியதும் மிச்சத்தை ஒரேயடியாகக் கேட்கும் ஒப்பந்தங்கள் நிறைய.

ராஜினாமாக் கடிதத்தில் "உடனடியாக" என்று எழுதாதீர்கள். நியமனக் கடிதம் சொல்லும் முன்னறிவித்தல் காலத்தைக் கணக்குப் பார்த்து, ஐந்து வருடம் முடிந்தபின் வரும் ஒரு திகதியைப் போட்டு, அன்று முதல் விலகுகிறேன் என்று எழுதுங்கள். பிரதியில் பெற்றதற்கான கையெழுத்து வாங்குங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு நீங்களாக மனம் மாறித் திருப்பி வாங்க முடியாது. பணிக்கொடை தராமல் இழுத்தால் தொழில் திணைக்களத்தின் யாழ் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம், அதற்குச் சட்டத்தரணி கூடத் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு இதுதான் கூடுதல் கவலை. சுன்னாகம் கடைக்கு முற்பணம் கொடுத்ததற்கு ஒரு துண்டு ரசீதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதினால்தான் செல்லும். முத்திரை ஒட்டிய வெறும் தாள் போதாது. மிச்சக் காசைக் கொடுக்க முதல் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு ஒரு நொத்தாரிசிடம் போங்கள், குத்தகை தொடங்கும் திகதியை மூன்று மாதம் தள்ளிப் போடச் சொல்லிக் கேளுங்கள்.